கல்யாணக் கேமராவில் வேற்றுக் கோளைப் பிடிப்பது எப்படி?

ஆடி பிறந்தால் எங்கள் தொழிலுக்குப் பூட்டுதான். தாராபுரத்தில் இருபது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று மற்ற மாதங்கள் ஓடிவிடும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமராக்கள் பையில் தூங்கும். அந்த ஒரு மாதத்தில்தான் 64 ஒளியாண்டுக்கு அப்பால் வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைப் பிடிக்கிறேன்.

‘பிடிக்கிறேன்’ என்பது கொஞ்சம் மிகைதான். படத்தில் கோள் தெரியாது. அது தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது அந்த நட்சத்திரத்தின் ஒளி லேசாகக் குறையும். அந்தக் குறைவை அளக்கிறேன். பூமிக்கு வெளியே உயிர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடமும் இதே ஒளிக்குறைவுதான். இன்று 6,000-க்கும் அதிகமான வேற்றுக் கோள்கள் உறுதியாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இந்த வழியில் சிக்கியவை. கெப்ளர், டெஸ் என்ற விண்தொலைநோக்கிகள் விண்வெளியில் செய்த வேலையை ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு நம் கேமராவை வைத்துச் செய்து பார்க்கலாம். எப்படி என்பதை, நான் சொதப்பிய இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்த நட்சத்திரம்?

யோசிக்காமல் ஹெச்.டி. 189733. அதைச் சுற்றும் கோளின் பெயர் அதோடு ஒரு ‘பி’ சேர்த்தது. 2005-ல் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் பிரான்சுவா பூஷி குழுவினர் கண்டுபிடித்தார்கள். கோள் வியாழனைவிடக் கொஞ்சம் பெரியது, நட்சத்திரம் சூரியனைவிடச் சிறியது. அதனால் கோள் குறுக்கே வரும்போது ஒளி 2.4 சதவீதம் குறைகிறது. இந்தத் துறையில் இது யானை. சூரியனின் குறுக்கே பூமி போவதைத் தூரத்திலிருந்து யாராவது பார்த்தால் அவர்களுக்குக் குறைவது 0.0084 சதவீதம். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை, 13 மணி நேரம் மட்டும். அதை வீட்டுக் கேமராவில் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கோளுக்கு ஒரு வருடம் என்பது 2 நாள் 5 மணி 15 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் 1 மணி 50 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆடியில் நள்ளிரவுக்கு இந்த நட்சத்திரம் நம் ஊர்த் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து சற்று வடக்கே தள்ளி நிற்கும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இது உச்சிக்கு வருவது எனக்கென்றே அமைந்த மாதிரி. உச்சியில் இருந்தால் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வரும், அளவு சுத்தமாக இருக்கும்.

ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் பழமொழி மட்டுமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று டிரைபாடை நிற்கவிடாது, மேகத்தையும் தள்ளிக்கொண்டு வரும். ஐந்து ஆடிகளில் பதினொரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். ஒளி குறைந்து மறுபடி ஏறுவதைக் காட்டும் முழு வளைவு கிடைத்தது மூன்று ராத்திரி. வசதி இருந்தால் சித்திரையில் விடியற்காலையிலும் முயலலாம், அப்போது காற்று அடங்கியிருக்கும். எனக்குச் சித்திரை, வைகாசியில் மூச்சுவிட நேரமிருக்காது.

நாள் பார்ப்பது

கோளுக்கும் முகூர்த்தம் உண்டு. செக் நாட்டு வானியல் சங்கம் ‘எக்ஸோபிளானெட் டிரான்சிட் டேட்டாபேஸ்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறது. நம் ஊர் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எந்த ராத்திரி எத்தனை மணிக்குக் கடப்பு தொடங்கும், எப்போது முடியும் என்று பட்டியல் தரும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். முதல் வருடம் நான் கூட்ட மறந்துவிட்டுச் சாயங்காலமே போய் உட்கார்ந்தேன். நட்சத்திரம் கிழக்கே மரத்துக்குள் இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு கையில் இருந்தால் நல்லது. ஒன்பது சுற்று என்பது கிட்டத்தட்ட 20 நாள், சரியாகச் சொன்னால் அதற்கு 47 நிமிடம் குறைவு. இன்று நள்ளிரவுக்குக் கடப்பு வந்தால் இருபதாம் நாள் பதினொன்றே கால் வாக்கில் மறுபடி வரும். மேகம் கெடுத்துவிட்டால் அடுத்த தேதியை அப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிடலாம்.

கடப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே படமெடுக்கத் தொடங்கி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்ல இரண்டு பக்கமும் கரை வேண்டும். ஆக நாலு மணி நேரம். தூக்கம் வரும். பிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

மேனுவலில் ஓடக்கூடிய, ரா படம் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தரக்கூடிய எந்த டி.எஸ்.எல்.ஆரும் போதும். என்னிடம் இருப்பது 18 மெகாபிக்சல் பழைய பாடி, கல்யாணத்துக்கு இப்போது இரண்டாவது கேமராவாகக்கூடப் போவதில்லை. லென்ஸ் 70-200, எஃப் 2.8. 200 மி.மீ.-ல் வைப்பேன். கிட் லென்ஸில் முயன்றால் ஏமாற்றம்தான், அதன் வாய் சின்னது, போதுமான ஒளி உள்ளே வராது.

அடுத்து, வானம் சுழலுவதோடு கேமராவையும் சுழற்றும் கருவி, டிராக்கர். அது இல்லாமல் 200 மி.மீ.-ல் 10 விநாடி திறந்தால் நட்சத்திரம் முப்பது பிக்சல் நீளத்துக்குக் கோடாக இழுபடும். முதலில் நானே பண்ணிப் பார்த்தேன்: இரண்டு பலகை, ஒரு கீல், கீலிலிருந்து 228.5 மி.மீ. தள்ளி ஒரு எம்6 போல்ட். அந்த போல்ட்டின் மறை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் மேல் பலகை பூமியின் வேகத்தில் திறக்கும். கணக்கு அழகு. பால்வீதியை அகல லென்ஸில் எடுக்கப் பிரமாதமாக வேலை செய்தது. 200 மி.மீ. லென்ஸோடு நாலு மணி நேரத்துக்கு லாயக்கில்லை. அரை மணிக்கு ஒருமுறை போல்ட்டைத் திருப்பி இறக்கி, நட்சத்திரத்தைத் திரும்பத் தேடி, கை வலித்து, மூன்றாம் மணி நேரத்தில் விட்டுவிட்டேன். பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் டிராக்கர் வாங்கினேன். ஒரு சின்ன வளைகாப்பு ஆர்டரின் பணம் போனது.

டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. தாராபுரத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்துப் பதினொரு பாகை உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி. ஸ்டுடியோ மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னைமரம் மறைக்கிறது. அதற்காகவே ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத்துக்குப் போகிறேன். அங்கே வடக்கே கொள்ளுக்காடு மட்டும்தான். துருவ நட்சத்திரம் சரியாக அச்சிலும் இல்லை, அரை பாகைக்கு மேல் விலகி நிற்கிறது. எந்தப் பக்கம் விலகல் என்பதை மொபைல் ஆப் காட்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் தானாக அடுத்தடுத்துப் படமெடுக்க வைக்கும் இன்டர்வல் ரிமோட், இரண்டு பேட்டரி, 64 ஜி.பி. கார்டு, நீலநிற சுத்திகரிப்புத் தண்ணீர் கேன் ஒன்று. கேன் டிரைபாட் நடுக்கம்பியில் தொங்குவதற்கு. காலை நீட்டாமல் டிரைபாடைக் குட்டையாகவே வைத்து, காற்று வரும் மேற்குப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டால் ஆடிக் காற்று ஓரளவு மட்டுப்படும்.

நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது

திருவோணத்தைப் பிடியுங்கள், பிறகு வடக்கே பளபளக்கும் அபிஜித்தை. இரண்டுக்கும் இடையே, திருவோணத்துக்குப் பக்கமாக, அம்பு போல ஒரு குட்டி நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அந்த அம்பின் முனையிலிருந்து மூன்று பாகை வடக்கே போனால் எம் 27 என்ற ஒளிமுகில். கண்ணுக்குத் தெரியாது, பத்து விநாடிப் படத்தில் பச்சை கலந்த நீலத்தில் ஒரு சின்ன உடுக்கை மாதிரி தெரியும். உடுக்கைக்குக் கிழக்கே கால் பாகை, அதாவது பாதி நிலா அகலம் தள்ளி இருப்பதுதான் நம் ஆள். ஒளித்தரம் 7.7. ஊர் வெளிச்சம் இல்லாவிட்டாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே உடுக்கை இருப்பதால் தவறவிட வழியே இல்லை.

செட்டிங்

இங்கேதான் தொழில் படித்தவனுக்குக் கஷ்டம். இருபது வருடம் ஃபோகஸ் கூர்மையாக வை என்று பசங்களைத் திட்டியவன், வேண்டுமென்றே ஃபோகஸைக் கெடுக்க வேண்டும். கூர்மையான நட்சத்திரம் இரண்டு மூன்று பிக்சலில் அடங்கிவிடும். சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிக்சல்கள் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி இருப்பதால், நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்தாலே எண்ணிக்கை தாவும். பன்னிரண்டு பதினைந்து பிக்சல் அகலத்துக்கு, சாந்துப் பொட்டு மாதிரி விரிய விடுங்கள். விரிந்ததும் ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். விடியும் வரை அதைத் தொடக்கூடாது.

ஐ.எஸ்.ஓ 400, எஃப் 3.5, 10 விநாடி. ஆட்டோ ஃபோகஸ், ஸ்டெபிலைசர், லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் மூன்றையும் அணையுங்கள். கடைசியாகச் சொன்னது ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு பத்து விநாடி கேமரா சும்மா இருக்கும். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் நட்சத்திரம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. முட்டினால் அந்த நட்சத்திரத்தின் கணக்கு பொய்.

கேமராக் கடிகாரத்தை மொபைலைப் பார்த்து விநாடி சுத்தமாக வைக்க மறக்காதீர்கள். இரண்டு கேமரா நேரம் ஒத்துப்போகாமல், தாலி கட்டிய பிறகு பெண் மேடைக்கு வருவது போல ஆல்பம் வந்த கதை எங்கள் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

ரிமோட்டை ஓடவிட்டால் நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் படம் சேரும். அம்மா ஒருமுறை பண்ணை வீட்டிலிருந்து எழுந்து வந்து, “ஏஞ்சாமி, இன்னேரத்துல யாருக்குப் போட்டோ?” என்றார். சொன்னேன். மேலே பார்த்துவிட்டு, “எதும் தெரியலியே” என்று போய்ப் படுத்துக்கொண்டார். கேமரா ஸ்கிரீனில் பார்த்தாலும் அப்படித்தான். ஆயிரமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வேட்டி

ஒளியை அளப்பதில் பாதி வேலை, நட்சத்திரம் இல்லாத படங்களை எடுப்பது. மூடி போட்டு, அதே பத்து விநாடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் முப்பது படம். இது சென்சாரின் சொந்த இரைச்சல், பிறகு கழிப்பதற்கு. அடுத்தது சமன்படம். விடியும் நேரத்தில் லென்ஸ் வாயில் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுக்கும் வானத்தை நோக்கி முப்பது படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கட்டும். பொன்னிற ஜரிகை கரை உள்ளே வரக்கூடாது. நான் பயன்படுத்துவது என் சொந்தக் கல்யாண வேட்டி, வேறு எதற்கும் இப்போது உதவுவதில்லை.

சமன்படம் எதற்கு என்றால், எந்த லென்ஸும் ஓரத்தில் இருட்டாகத்தான் வரும், எந்த சென்சாரிலும் தூசி உண்டு. வேட்டிப் படத்தால் நட்சத்திரப் படத்தை வகுத்தால் அந்த வித்தியாசங்கள் போய்விடும். இதை நான் முதலில் வெட்டி வேலை என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். அதன் பலன் எனக்குக் கிடைத்தது.

இரண்டாவது வருடம், ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி. மேகமே இல்லை. மறுநாள் கணக்குப் போட்டேன், வளைவில் அழகான பள்ளம், இரண்டு சதவீதம்! கை நடுங்கியது. உடனே ஒரு பெயர் பெற்ற அரசுப் பள்ளி இயற்பியல் வாத்தியாருக்கு அனுப்பினேன், அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. “பள்ளம் எத்தனை மணிக்கு விழுகுதுங்க? பட்டியல்ல எத்தனை மணி போட்டிருக்கு?” என்று கேட்டார். என் பள்ளம் ஒரு மணி நேரம் முன்னால் விழுந்திருந்தது, நாற்பது நிமிடத்தில் ஏறியும் விட்டது. “கோள் முகூர்த்தம் தப்பாதுங்க. அந்த நேரத்துல நட்சத்திரம் படத்துல எந்த இடத்துல நின்னுதுன்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். டிராக்கரின் அச்சைச் சரியாக வைக்காததால் நட்சத்திரம் ராத்திரி முழுக்க மெதுவாக அறுபது பிக்சல் நகர்ந்திருந்தது. பள்ளம் விழுந்த நேரத்தில் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன். நாங்கள் சென்சார் தூசி பார்க்கும் வழி அதுதான். அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாயைத் திறந்து வைத்தால் அதே தூசி அகலமான, மெல்லிய மங்கலாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சதவீதம் ஒளியை மட்டும் தின்னும். நான் பிடித்தது கோளை அல்ல, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துத் தூசியை. நிஜக் கடப்பு நடந்த நேரத்தில் அதன் பள்ளம் தூசி மேட்டுக்கும் சரிவுக்கும் இடையே உருத்தெரியாமல் போயிருந்தது.

எண்ணிப் பார்ப்பது

மென்பொருள் எல்லாம் இலவசம். சிரில் என்பதில் ரா படங்களைக் கொடுத்தால் இருட்டுப் படத்தைக் கழித்து, வேட்டிப் படத்தால் வகுத்து, பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்துத் தரும். பச்சை ஏன் என்றால் சென்சாரில் பாதி பிக்சல் அதுதான், இரைச்சலும் குறைவு. பிறகு ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே. நம் நட்சத்திரத்தின் மேல் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் ஒளியைக் கூட்டி, சுற்றியுள்ள வளையத்தை வைத்து வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்கும். அதே மாதிரி பக்கத்தில் மூன்று நாலு நட்சத்திரங்களுக்கும் வட்டம் போட வேண்டும். இவை ஒப்பீட்டுக்கு.

மேடையில் மாப்பிள்ளை முகம் மட்டும் கறுத்தால் யாரோ லைட்டை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லார் முகமும் கறுத்தால் ஜெனரேட்டர் மக்கர் செய்கிறது என்று அர்த்தம். இங்கேயும் அதேதான். ஒரு படத்தில் நம் நட்சத்திரம் 30,000, ஒப்பீடு 40,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.75. மெல்லிய மேகம் வந்து இரண்டும் பாதியானாலும் 15,000-க்கு 20,000, விகிதம் அதே 0.75. கோள் குறுக்கே வந்தால் 29,280-க்கு 40,000. விகிதம் 0.732 ஆகிவிடும். அந்த 0.018-ஐத் தேடித்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம்.

ஒப்பீட்டு நட்சத்திரம் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் பாருங்கள். நம் ஆள் ஆரஞ்சு நிறம். பளிச்சென்று நீலமாக இருக்கும் நட்சத்திரத்தை ஒப்பீடாக வைத்தால், இரண்டும் மேற்கே சாயும்போது காற்று நீலத்தை அதிகமாகத் தின்னும். அப்போது வளைவு முழுக்கச் சாய்ந்துவிடும்.

ஒவ்வொரு படமும் தனியாக ஒரு சதவீதம் மேலும் கீழும் ஆடும். ஆயிரம் புள்ளிகளைப் பார்த்தால் கடுகைக் கொட்டிய மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள். முப்பது முப்பதாகச் சராசரி எடுங்கள். ஆட்டம் 0.2 சதவீதத்துக்குள் அடங்கும். அப்போது தெரியும்: நேராக வந்த கோடு கால் மணி நேரத்துக்கும் மேலாகச் சரிந்து, அடியில் தட்டையாகக் கொஞ்ச நேரம் போய், வந்த மாதிரியே ஏறும். என் முதல் நிஜ வளைவு நாலாவது வருடம் வந்தது. பட்டியலில் போட்ட நேரத்துக்கும் எனக்கும் மூன்று நிமிடம் வித்தியாசம், ஆழம் 2.2 சதவீதம். வாத்தியாருக்கு அனுப்பினேன். “இப்போ ஒப்புக்கறேன்” என்று மட்டும் பதில் வந்தது.

வளைவு கிடைத்ததும் கோளின் அளவை நீங்களே சொல்லலாம். 2.4 சதவீதத்தின் வர்க்கமூலம் 0.155. நட்சத்திரத்தின் ஆரம் சூரியனைப்போல 0.78 மடங்கு, அதாவது 5,43,000 கி.மீ. பெருக்கினால் 84,000 கி.மீ. வியாழனின் ஆரம் 71,000 சொச்சம். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாசாவின் ‘எக்ஸோபிளானெட் வாட்ச்’ திட்டத்துக்கு வளைவை அனுப்பவும் செய்யலாம். கோள்களின் அடுத்த கடப்பு நேரத்தைத் துல்லியமாக வைத்திருக்க நம்மைப் போன்றவர்களின் அளவுகளை அவர்கள் சேர்க்கிறார்கள். நேரம் பிசகினால் பெரிய தொலைநோக்கிகளின் விலைமதிப்பான மணி நேரங்கள் வீணாகும்.

‘ஆளுக இருக்கறாங்களா?’

கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்கண்ணா, அங்க ஆளுக இருக்கறாங்களா?”

இந்தக் கோளில் இல்லை. வெப்பம் 900 டிகிரிக்கு மேல், காற்று மணிக்கு 8,000 கி.மீ.க்கு மேல் வீசுகிறது. ஆனால் உயிர் தேடுகிறவர்கள் வேற்றுக் கோள்களின் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டது பெருமளவு இதை வைத்துத்தான். கடப்பின்போது நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு சிறு பங்கு கோளைச் சுற்றியுள்ள காற்றின் மெல்லிய விளிம்பு வழியாக வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும். அந்த நிறங்களில் பள்ளம் துளி ஆழமாக இருக்கும். நாம் பச்சையில் ஒரு பள்ளம் அளந்தோம், அவர்கள் நூற்றுக்கணக்கான நிறங்களில் அளக்கிறார்கள்.

2008-ல் ஹபிள் தொலைநோக்கியின் அளவுகளை வைத்து, இந்தக் கோளின் காற்றில் மீத்தேன் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. பூமியில் மீத்தேனின் பெரும்பகுதி உயிர்களிலிருந்து வருவதால் அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 2011-ல் இன்னொரு குழு அதே அளவுகளை மறுபடி அலசி, இது கருவியின் சொந்தக் கோளாறாகவே இருக்கலாம் என்றது. 2024-ல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி பார்த்தபோது மீத்தேனைக் காணவில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தது, அழுகின முட்டை நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு. ஹபிளை வைத்தவர்களுக்கே அப்படி என்றால் என் தூசியைப் பற்றி நான் அவ்வளவு வெட்கப்பட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் காவலூரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிற ராத்திரி. ஜவ்வாது மலை வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் வந்து சேரும் முன்பே ஒளி சில விநாடிகள் குறைந்து திரும்பியது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். மற்ற இடங்களில் பதிவான பள்ளங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெரிந்தது. பள்ளம் உண்மை. எது மறைத்தது என்பதைச் சொல்ல ஒரு பள்ளம் போதவில்லை.

சின்னக் கோள்களுக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடும். 40 ஒளியாண்டு தூரத்தில் டிராப்பிஸ்ட்-1 என்ற குட்டிச் சிவப்பு நட்சத்திரத்தைப் பூமி அளவில் ஏழு கோள்கள் சுற்றுகின்றன. நட்சத்திரம் அவ்வளவு சிறியது என்பதால், திரவ நீர் இருக்க வாய்ப்புள்ள தூரத்தில் சுற்றும் ‘இ’ என்ற கோள்கூட அரை சதவீதப் பள்ளம் தருகிறது. இப்படிப்பட்ட சிவப்புக் குள்ள நட்சத்திரங்களையே எல்லாரும் சுற்றிச் சுற்றி வருவதற்கு அது ஒரு காரணம். வெப் அந்த ‘இ’ கோளைப் பார்த்த முதல் முடிவுகள் 2025-ல் வந்தன. காற்று இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நட்சத்திரத்தின் மேலுள்ள புள்ளிகளே நிறங்களைக் கலைத்துவிடுகின்றன. அவர்களுக்கு அது தூசி.

அதே வருடம் ஏப்ரலில் கே2-18 பி என்ற கோளில் உயிரின் அறிகுறி என்று வாட்ஸ்அப்பில் எனக்கு நாற்பது பேராவது அனுப்பினார்கள். கடல் பாசிகள் விடும் டைமெத்தில் சல்ஃபைடின் சாயல் தெரிந்ததாகச் செய்தி. அந்த ஆய்வாளர்களே மூன்று சிக்மா என்றுதான் போட்டிருந்தார்கள். சிக்மா என்பது முடிவு எவ்வளவு உறுதி என்பதற்கான அளவு, அறிவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாகக் கேட்பது ஐந்து. வேறு குழுக்கள் அதே அளவுகளை அலசி, அந்த வாயு இல்லாமலேயே விளக்கலாம் என்றன. நான் வாத்தியார் கேட்டதையே எல்லாருக்கும் திருப்பி அனுப்பினேன்: நட்சத்திரம் எந்த இடத்தில் நின்றது? பாதிப் பேருக்குப் புரியவில்லை. மீதிப் பேர் என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை, அது போதும்.

கடைசியாக ஒரு வேலை. ஆவணி முதல் தேதி வருவதற்குள் சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ, ஸ்டெபிலைசர், ஆட்டோ ஃபோகஸ் எல்லாவற்றையும் பழையபடி மாற்றுங்கள். முக்கியமாக ஃபோகஸ் வளையத்தில் ஒட்டிய டேப்பை உரித்துவிடுங்கள். போன வருடம் நான் மறந்துவிட்டேன். முதல் முகூர்த்தத்தில், விடியற்காலை நாலரை மணி வெளிச்சத்தில், சீர்வரிசைத் தட்டோடு வந்த பெண்கள் வரிசை முழுக்கப் பதினைந்து பிக்சல் அகலத்துக்குச் சாந்துப் பொட்டாக வந்திருந்தது.